கேள்வி பதில்: பேனாவுக்கு எத்தனை நாள் லீவு?

கதை, கவிதை எழுதுகிறவர்கள் இடையில் நிறுத்துவது பற்றியும், நிறுத்திய பிறகு திரும்பி வருவது பற்றியும் கொங்குப் பகுதி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: தையில மஞ்சள் வெட்டு ஆரம்பிச்சா, வேக வெச்சு, காய வெச்சு, பாலீஷ் போட்டு மார்க்கெட்டுக்கு மூட்டை ஏத்தற வரைக்கும் நோட்டைத் தொட முடியறதில்லைங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா வேற ஆரோ எழுதுன கதையாட்டம் இருக்குது. விட்ட எடத்துல புடிக்கறதுக்கு வழி இருக்குதுங்களா?
— விவசாயி, பெருந்துறை

ப: இருக்கிறது. ஆனால் அந்த வழியைப் பங்குனியில் தேடக் கூடாது, மார்கழியிலேயே போட்டு வைக்க வேண்டும். திரும்பி வரும்போது படும் பாட்டில் பெரும்பகுதி, நிறுத்திய விதத்தால் வருவது. எந்த மாதம் நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிவது உங்களுக்கு ஒரு வசதி. எழுதுகிற பலருக்கு அது கிடைப்பதில்லை.

வெட்டுக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே புதுக் காட்சி எதையும் தொடங்காதீர்கள். அத்தியாயம் முடிகிற இடத்திலும் நிறுத்தாதீர்கள். ஒரு காட்சியின் நடுவில், அடுத்து யார் என்ன சொல்லப்போகிறார் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் நோட்டை மூடுங்கள். அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்தால் மனதுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பி வரும் அன்று வெற்றுத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பிறகு ஒரே பக்கத்தில் ‘விட்ட இடக் குறிப்பு’ ஒன்று எழுதுங்கள். கதையில் இப்போது எந்த மாதம், எந்தப் பொழுது. யார் எங்கே நிற்கிறார். எந்த ரகசியம் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது. அடுத்து வரும் மூன்று காட்சிகள், காட்சிக்கு ஒரு வரி. உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் இடம் எது. கடைசியில், அடுத்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் எழுதி அப்படியே விடுங்கள். இவற்றில் பலரும் எழுதத் தவறுவது ரகசியம் பற்றிய வரியைத்தான். நான்காம் அத்தியாயத்திலேயே மருமகளுக்குத் தெரிந்துவிட்ட விஷயத்தை, இடைவெளிக்குப் பிறகு எழுதிய ஏழாம் அத்தியாயத்தில் மறுபடி அவளிடம் சொல்லி அவளைத் திடுக்கிட வைப்பது இதனால்தான்.

கொங்குப் பேச்சில் எழுதுகிறவர் என்றால் இன்னொரு தாளும் வேண்டும். பேச்சு வழக்குக்கு எழுத்துக்கூட்டல் விதி கிடையாது. நீங்கள் வைத்ததுதான் விதி. ‘போறனுங்க’வா, ‘போறேனுங்க’வா? ‘ஆரு’வா, ‘யாரு’வா? ‘அவிய’வா, ‘அவங்க’வா? எந்தப் பாத்திரம் யாரிடம் ‘ங்க’ போட்டுப் பேசும், கோபம் வந்தால் அதை விட்டுவிடுமா? முப்பது நாற்பது சொற்களைக் குறித்து வைத்தால் போதும். இந்தத் தாள் இல்லாமல் இரண்டு மாதம் கழித்து உட்கார்ந்தால், நாவலின் முன்பாதி பெருந்துறையிலும் பின்பாதி சினிமாவிலும் நடப்பதுபோல் ஆகிவிடும்.

வெட்டு நடக்கும் நாட்களில் எழுத முயல வேண்டாம். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கட்டும். ஆட்கள் சொன்ன வசவு, வேகும் மஞ்சளின் வாசம், கூலிக் கணக்கில் வந்த சண்டை என்று நாளைக்கு மூன்று நான்கு சொற்கள் போதும். அவற்றைக் காட்சியாக விரிக்காதீர்கள். விரித்தால் புதுக் கதை கிளம்பிப் பழைய கதையை ஓரம் கட்டிவிடும்.

கே: நாவல் நாற்பதாயிரம் சொல் வரை வந்து நிற்கிறது. மூன்று மாதமாக ஒரு வரி நகரவில்லை. ஓய்வு எடுப்பதா, இழுத்துப் பிடித்து எழுதுவதா?
— ஐ.டி. ஊழியர், சரவணம்பட்டி

ப: களைத்திருப்பது நீங்களா, நாவலா என்று முதலில் பாருங்கள். நாவலுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒன்றை, உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஒரு முகத்தையோ பழைய வீட்டின் திண்ணையையோ, இருபது நிமிடம் கையால் எழுதுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். அது தடையின்றி ஓடினால் கோளாறு நாவலில் இருக்கிறது. அப்போது ஓய்வு எடுத்துப் பயனில்லை. ஒரு மாதம் கழித்து வந்தாலும் அதே சுவரில்தான் முட்டுவீர்கள்.

அந்தக் கோளாறு பெரும்பாலும் நின்ற இடத்தில் இருக்காது. இரண்டு மூன்று காட்சிகளுக்கு முன்னால் போய்த் தேடுங்கள். ஒரு பாத்திரம் தன் குணத்துக்குப் பொருந்தாத முடிவை எடுத்திருக்கும். அல்லது கடைசி வரை தாங்க வேண்டிய ரகசியம் பாதியிலேயே உடைந்திருக்கும். எழுதிய காட்சிகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, காட்சி முடிவில் என்ன மாறியது. மூன்றாவது கட்டத்தில் எழுத எதுவும் கிடைக்காத காட்சியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.

அந்த இருபது நிமிடமும் ஓடவில்லை என்றால், களைத்திருப்பது நீங்கள்தான். இரண்டு மூன்று வாரம் தாராளமாக விடுங்கள். திரும்பும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு விடுங்கள்; தேதி இல்லாத ஓய்வு மாதக்கணக்கில் நீண்டுவிடும். வேலையும் திரையில், நாவலும் திரையில் என்றால் திரும்பி வந்த முதல் வாரமாவது தாளில் எழுதிப் பாருங்கள்.

கே: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆர்டர் அவசரம் என்றால் வீடு திரும்பவே ராத்திரி பத்து மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு. அன்றைக்கும் போனைப் பார்த்தே பொழுது போய்விடுகிறது. ஓய்வு எடுத்த மாதிரியும் இல்லை, எழுதிய மாதிரியும் இல்லை.
— வாசகி, திருப்பூர்

ப: ரீல்ஸ் முழுக்கப் பேச்சும் பாட்டுமாக இருக்கும். உங்கள் வாக்கியம் உருவாக வேண்டிய இடத்தை அடுத்தவர் குரல் பிடித்துக்கொள்கிறது. எழுதுகிறவருக்குச் சொல் இல்லாத வேலைதான் நல்ல ஓய்வு. துணி துவைக்கலாம், செடிக்குத் தண்ணீர் விடலாம், போனை வீட்டில் வைத்துவிட்டு நடக்கலாம்.

நடையைப் பற்றி 2014இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. நடந்தவர்களுக்கு உட்கார்ந்திருந்தவர்களைவிடப் புது யோசனைகள் அதிகம் வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் அப்படித்தான். ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வகைக் கேள்விகளில் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே என்ன எழுதுவது என்று திணறும் நாளில் நடங்கள். பிழை திருத்துகிற நாளில் உட்கார்ந்தே செய்யுங்கள்.

ஞாயிறு காலை நன்றாகத் தூங்குங்கள். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். பிற்பகலில் அரை மணி நடை, அடுத்து நாற்பது நிமிடம் எழுத்து, அதற்குப் பிறகு போன். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வாரம் ஒரு பக்கம் என்றாலும் வருடத்துக்கு ஐம்பது பக்கம் சேரும்.

கே: எழுதி முடித்த கதையைத் திருத்துவதற்கு முன் எத்தனை நாள் ஆறப்போட வேண்டும்?
— கல்லூரி மாணவர், நாமக்கல்

ப: கவிதைக்கு மூன்று நான்கு நாள், சிறுகதைக்கு இரண்டு வாரம், நாவலுக்கு ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதம். எழுதிய வாக்கியங்கள் ஓரளவு மறக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மறக்காத வரை தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதைத்தான் படிப்பீர்கள். ஆறியபின் வேறு எழுத்துருவில், வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு அச்செடுங்கள். முதல் வாசிப்பில் பென்சிலால் குறி போடுவதோடு நிறுத்துங்கள்: சலித்த இடத்தில் பெருக்கல் குறி, புரியாத இடத்தில் கேள்விக்குறி. திருத்தம் இரண்டாம் வாசிப்பில். உரையாடலை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.

கே: கல்யாணம், குழந்தைகள் என்று 12 வருடம் போய்விட்டது. அப்போது எழுதிய கதைகள் பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. திறந்தால் ஏதேதோ இங்கிலீஷ் எழுத்தாக வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?
— இல்லத்தரசி, பொள்ளாச்சி

ப: கதைகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். முதலில் கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். நகலை மட்டும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளில் கொடுத்து, எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் வேறொரு குழப்பம்தான் வரும். மாற்றியபின் மேற்கோள் குறிகள், அடைப்புக்குறிகள், ஸ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளைக் கண்ணால் சரிபாருங்கள். பிசகுவது பெரும்பாலும் அங்கேதான்.

மாற்றிவிட்டீர்கள் அல்லவா? இப்போது அவற்றைப் படிக்காதீர்கள். ‘இவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேனே, இனி வருமா’ என்று தோன்றினாலும் கை நின்றுவிடும். ‘இதையா எழுதினேன்’ என்று தோன்றினாலும் நின்றுவிடும். மூன்று வாரம் போகட்டும்.

முதல் வாரம் தினமும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம். போனில் அலாரம் வையுங்கள், அடித்ததும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். இரண்டாம் வாரம் இருபத்தைந்து நிமிடம், மூன்றாம் வாரம் நாற்பது. மேல்வரம்பு எதற்கு என்றால், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள் முதல் நாள் ஆர்வத்தில் மூன்று மணி நேரம் எழுதுவார்கள். மறுநாள் அதைப் படித்து நொந்துபோவார்கள். மூன்றாம் நாள் உட்கார மாட்டார்கள். கதை என்று நினைத்துக்கொண்டும் எழுத வேண்டாம். ஓர் அறையில் உள்ள சாமான்கள், சந்தையில் இருவர் பேரம் பேசுவது, அம்மா திட்டும் விதம் என்று எழுதுங்கள். இந்த மூன்று வாரமும் யாரிடமும் காட்டாதீர்கள், வீட்டுக்காரரிடம்கூட.

சொந்தமாக எதுவும் வரவில்லை என்றால் மொழிபெயர்ப்பு கைகொடுக்கும். என்ன சொல்வது என்ற பாரம் இல்லாமல், எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் கை பழகும். 1942இல் வெளிவந்த ‘நாகம்மாள்’ நாவலை எழுதிய நம் கொங்குப் பகுதிக்காரர் ஆர். சண்முகசுந்தரம் வங்க நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும்கூட. தெரிந்த மொழியிலிருந்து தினம் ஒரு பத்தி போதும்.

கே: பெருமாள்முருகன் எழுத்தை நிறுத்தித் திரும்பி வந்ததையும் ஓய்வுக்கு உதாரணமாகச் சொல்லலாமா?
— வாசகர், கரூர்

ப: சொல்லக் கூடாது. 2015 ஜனவரியில் அவர் நிறுத்தியது ‘மாதொருபாகன்’ நாவலுக்குக் கிளம்பிய எதிர்ப்பின் நெருக்கடியால். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே திரும்பினார். அதை ஓய்வு என்பது நடந்ததை மறைப்பதாகும். ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: அந்த இடைவெளியில் அவர் எழுதியவை கவிதைகள், பின்னர் தொகுப்பாகவும் வந்தன. நாவலாசிரியரின் பழைய வடிவம் அடைபட்டபோது வேறு வடிவம் திறந்திருந்தது.

கே: எழுதவும் முடியவில்லை, படிக்கவும் பிடிக்கவில்லை. தூக்கம் சரியாக இல்லை. இதுவும் எழுத்துத் தடைதானா?
— பெயர் வேண்டாம், மேட்டுப்பாளையம்

ப: முன்பு பிடித்த எல்லாமே சலித்துப்போய், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை எழுத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனை எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். இந்த வாரமே அழைத்துவிடுங்கள். கதை காத்திருக்கும்.

கே: ஓய்வு நாட்களில் படிக்கலாமா? ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கியது அப்படியே அடுக்கில் கிடக்கிறது.
— ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

ப: படிக்கலாம், கையில் இருக்கும் கதைக்கு நெருக்கமானதை மட்டும் தள்ளி வையுங்கள். கொங்கு வழக்கில் நாவல் எழுதிக்கொண்டிருந்தால், இன்னொருவரின் கொங்கு நாவலைப் பாதி படித்ததுமே அவருடைய ஓசை உங்கள் பாத்திரங்களின் வாயில் ஏறிவிடும். வரலாறு, பறவைகள், சமையல், கிணறு வெட்டுவது என்று எதை வேண்டுமானாலும் எடுங்கள். வட்டாரச் சொல்லகராதி புரட்டுவதிலும் இந்தச் சிக்கல் இல்லை. அதில் கிடைக்கும் சொல்லை அப்படியே கதையில் செருகாமல், உங்கள் ஊரில் இன்றைக்கு யாராவது அதைச் சொல்கிறார்களா என்று அப்புச்சி வயதில் இருப்பவர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.