வயர்கார்ட் விபிஎன்ல (வெளிய இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள பாதுகாப்பா போற வழி) ஹேண்ட்ஷேக் (ரெண்டு பக்கமும் கீய சரிபாத்து ஒத்துக்கறது) ஆகுது, ஆனா ஆபீஸ் ஃபைல் சர்வர் வரல, என்ன காரணம்?

நீங்க சொன்னத வச்சு பாத்தா இது ரெண்டு தனித்தனி பிரச்சனைங்க. ஃபோன புதுசா சேத்ததுல இருந்து பழைய லேப்டாப்ல ஹேண்ட்ஷேக் காட்டியும் ஒண்ணும் போகல, அது ஒண்ணு. ஃபோன்ல விபிஎன் சர்வர் 10.8.0.1 பிங் (பதில் வருதானு பாக்கற சோதனை) ஆகுது ஆனா 192.168.1.20ல இருக்க ஃபைல் சர்வர் வரல, அது இன்னொண்ணு. நான் இப்படித்தான் ரெண்டையும் ஒண்ணா நெனச்சு ரெண்டு ராத்திரி தூங்காம உக்காந்திருந்தேன்.

லேப்டாப்ப முதல்ல பாக்கலாம். சர்வர் கான்ஃபிக்ல ரெண்டு பியருக்கும் (விபிஎன்ல சேர்ற சாதனம், இங்க லேப்டாப்பும் ஃபோனும்) அலவ்ட் ஐபிஸ் 10.8.0.0/24னு, அதாவது 10.8.0ல தொடங்கற எல்லா முகவரியும்னு போட்டிருக்கீங்கள்ல, அதுதான். இந்த வரி கிளையன்ட் பக்கம் இருந்தா எந்த முகவரிக்கு போறத டனலுக்குள்ள (விபிஎன் வழிக்குள்ள) விடணும்னு அர்த்தம், அதே வரி சர்வர் பக்கம் இருந்தா எந்த முகவரி எந்த கீக்கு (ஒவ்வொரு பியரோட அடையாளச் சாவி) சொந்தம்னு அர்த்தம். ஒரே ரேஞ்ச ரெண்டு பேருக்கு எழுதினா கடைசியா எழுதின பியருக்கு போயிடும், முதல் பியருக்கு ஒண்ணும் மிஞ்சாது, ஆனா கீ சரியா இருக்கதால ஹேண்ட்ஷேக் மட்டும் ஆகிட்டே இருக்கும், உள்ள வர்ற பாக்கெட்ட சர்வர் சத்தமில்லாம தூக்கி போட்டுடும். லேப்டாப்புக்கு 10.8.0.2/32, ஃபோனுக்கு 10.8.0.3/32னு (/32னா அந்த ஒரு முகவரி மட்டும்) மாத்தி இன்டர்ஃபேஸ ஒருவாட்டி இறக்கி ஏத்துங்க.

ஃபைல் சர்வர் விஷயத்துல திரும்பி வர்ற வழியதான் தேடணும். விபிஎன் சர்வர்ல டிசிபி டம்ப் (பாக்கெட் போறது வர்றத காட்டற கருவி) ஓட விட்டு ஃபோன்ல இருந்து பிங் பண்ணுங்க. டனல் இன்டர்ஃபேஸ்ல பாக்கெட் வந்து லேன் (ஆபீஸ் நெட்வொர்க்) பக்கம் வெளிய போகலனா ஐபி ஃபார்வர்டிங் (ஒரு பக்கம் வந்தத மறுபக்கம் அனுப்பற அமைப்பு) 0வா, அதாவது அணைஞ்சு இருக்கும், இல்ல ஃபயர்வால் தடுக்குது. வெளிய போய் பதில் மட்டும் வரலனா, ஃபைல் சர்வர் அந்த பதில தன்னோட கேட்வேக்கு அனுப்புது, அந்த ரவுட்டருக்கு 10.8.0.0/24 எங்க இருக்குனே தெரியாது. ரவுட்டர்ல அதுக்கு ஒரு ஸ்டாட்டிக் ரூட் (நாமளே எழுதி வைக்கிற வழி) போட்டு விபிஎன் சர்வரோட லேன் ஐபிய காட்டுங்க. விபிஎன் சர்வர்ல மாஸ்கரேட் (அனுப்பறவரோட ஐபிக்கு பதிலா சர்வரோட ஐபிய போடறது) போட்டாலும் வேலை செய்யும், ஆனா எல்லாரும் ஒரே ஐபில வர்ற மாதிரி தெரியும், நாளைக்கு எந்த சாதனத்துல இருந்து என்ன ஃபைல தொட்டாங்கனு லாக்ல ஐபிய வச்சு பாக்க முடியாது, அதனால எனக்கு ரூட்தான் புடிக்கும். ரூட் போட்டும் வரலனா ஃபைல் சர்வர்ல விண்டோஸ் ஃபயர்வால பாருங்க, ஃபைல் ஷேரிங் ரூல் லோக்கல் சப்நெட்டுக்கு (ஆபீஸ் முகவரிகளுக்கு) மட்டும்னு இருக்கலாம், அதுல 10.8.0.0/24ஐயும் சேக்கணும்.

ஃபோன்காரர் ஃபைல் சர்வர மட்டும் தொடணும்னு கேட்டிருந்தீங்க. தயவுசெஞ்சு கிளையன்ட் கான்ஃபிக்ல அலவ்ட் ஐபிஸ சுருக்கிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க, அந்த கான்ஃபிக் ஃபைல் அவர் கையிலதான் இருக்கு, எப்ப வேணா மாத்திக்கலாம். விபிஎன் சர்வரோட ஃபார்வர்ட் செயின்ல (சர்வர் வழியா கடந்து போறதுக்கான ஃபயர்வால் விதிகள்) 10.8.0.3ல இருந்து 192.168.1.20க்கு ஃபைல் ஷேரிங்கோட 445 போர்ட் மட்டும் விட்டு, 10.8.0.3ல இருந்து வர்ற மிச்சத்த அடைச்சிடுங்க.

எல்லாம் சரியா இருந்தும் மொபைல் டேட்டால வருது, வீட்டு வைஃபைல மட்டும் வரலனா வீட்டு ரவுட்டரும் 192.168.1ல இருக்கானு பாருங்க. ஒரே முகவரி ரெண்டு பக்கமும் இருந்தா எங்க அனுப்பறதுனு குழப்பம் வரும், ஆபீஸ் ரேஞ்ச 10.37 மாதிரி அதிகம் யாரும் வைக்காத நம்பருக்கு மாத்தறதுதான் நிரந்தர வழி.