இரவில் குறைவாகச் சாப்பிட்டும் காலைச் சர்க்கரை ஏறுவது ஏன்?

இரவுச் சாப்பாட்டை இதற்கு மேல் குறைக்காதீர்கள். 28 வாரக் கர்ப்பம், இரவு ஏழு மணிக்கு இரண்டு இட்லியோடு நிறுத்தியும் காலை வெறும் வயிற்றில் 102, 104 வருகிறது, பகலில் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 115தான் என்கிறீர்கள். அப்படியானால் தவறு உங்கள் தட்டில் இல்லை.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. விடியற்காலையில் கல்லீரல் தானாகவே ரத்தத்தில் சர்க்கரையை விடும். அதை அடக்க உங்கள் இன்சுலின் போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் கூடும், அது நல்லதில்லை.

மூன்று நாள் இப்படிப் பாருங்கள்:

1. படுக்கும் முன் ஒரு கைப்பிடி சுண்டல், அல்லது சர்க்கரை போடாத பால் அரை டம்ளர்.

2. படுக்கும்போது, விடியற்காலை 3 மணிக்கு, எழுந்தவுடன் என மூன்று அளவும் குறித்து வையுங்கள். குத்தும் முன் கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலே எண் ஏறிவிடும்.

காலை அளவு 95க்குக் கீழே இருக்க வேண்டும். அப்புறமும் தாண்டினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் எழுதினால் பயப்படாதீர்கள், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை.

ஏற்கெனவே இன்சுலின் போடுபவர் என்றால், 3 மணி அளவு 70க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஊசி அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.