கிரிப்: 116 ஏக்கர் ஊராட்சி

கேள்வி: நார்வேயில் கிரிப் என்று ஓர் ஊராட்சி இருந்ததாமே? பரப்பு அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கடைசியில் இருந்த ஜனம் 104. நூறு பேருக்கு ஒரு மன்றம், ஒரு தலைவர், ஒரு பட்ஜெட்! 1964இல் பக்கத்து நகரத்தோடு சேர்த்து இந்தக் கூத்தை முடித்தார்கள். சேர்த்த கையோடு ஊரும் காலி. அப்படியானால் அது ஓர் ஊரே இல்லை என்றுதானே அர்த்தம்?

- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: அளவு சரிதான். 0.47 சதுர கிலோமீட்டர்; நம் கணக்கில் சுமார் 116 ஏக்கர். நார்வேயின் மிகச் சிறிய ஊராட்சி அது. ஆனால் நீங்கள் அளந்தது பாறையை. அந்தப் பாறையில் மரம் கிடையாது, உழ மண் கிடையாது, குடிக்க மழைநீரைச் சேர்த்துவைக்க வேண்டும். இத்தனை 'இல்லை'களுக்கு நடுவே ஒருவன் ஏன் வீடு கட்டினான் என்று கேட்டிருந்தால் உங்கள் கேள்விக்குள்ளேயே பதிலும் வந்திருக்கும்.

மீனுக்காகத்தான். நீங்கள் சொன்ன பக்கத்து நகரமான கிறிஸ்டியன்சுண்டுக்கு வடமேற்கே 14 கிலோமீட்டர், திறந்த கடலில், எண்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளும் பாறைகளும் சேர்ந்ததுதான் கிரிப். அவற்றில் கிரிப்ஹோல்மன் என்ற ஒரே திட்டில் வீடுகள் நெருக்கியடித்து நின்றன. வடக்கே பாரன்ட்ஸ் கடலில் வளர்ந்த 'காட்' என்ற குளிர்கடல் மீன், ஒவ்வொரு குளிர்காலத்திலும் முட்டையிட நார்வேக் கரையோரம் இறங்கி வரும். அந்த வரத்து மீனுக்கு 'ஸ்க்ரை' என்று தனிப் பெயரே உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதன் காலம். துடுப்பும் பாயும் மட்டும் இருந்த நாளில், பகல் வெளிச்சம் சில மணி நேரமே நிற்கும் பருவத்தில், தினமும் 14 கிலோமீட்டர் போய் வர யாரால் முடியும்? மீன் பக்கத்திலேயே குடியிருப்பவன் முந்திக்கொண்டான். பருவம் வந்தால் வெளியூர் மீனவர்களும் வந்து குவிவார்கள். தீவின் தலைக்கணக்கு பல மடங்காகும். 104 என்ற எண்ணில் அந்த ஆட்கள் இல்லை.

பிடித்த மீனைப் பிளந்து, உப்பிட்டு, கரைப் பாறையில் காயவைத்தார்கள். 'கிளிப்ஃபிஸ்க்', அதாவது பாறைமீன். நம் பாஷையில் கருவாடு, அவ்வளவுதான். அந்தக் கருவாடு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் கப்பல் ஏறியது. கிறிஸ்டியன்சுண்ட் செழித்தது அந்த வியாபாரத்தில்தான். அந்த ஊர் நகர அந்தஸ்து பெற்றது 1742இல். கிரிப்பின் மரத் தேவாலயம் எழுந்ததோ 1470 வாக்கில். யாரை யாரோடு சேர்த்தார்கள் என்று சொல்லும்முன் வயதையும் கொஞ்சம் பாருங்கள்.

தேவாலயம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தீவின் உச்சியில் அது நிற்கிறது. உச்சி என்றால் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, அவ்வளவே. புயலில் அலை வீட்டுக்குள் நுழைந்தால் ஜனங்கள் ஓடி ஏறியது அங்கேதான். 1796 புயல் வீடுகளைக் கடலுக்குள் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் மறுபடி கட்டினார்கள். உள்ளே 1515ஐ ஒட்டிய, மூன்று மடிப்புள்ள பீடப் பலகை (பலிபீடத்தில் வைக்கும் அலங்காரப் பலகை) ஒன்று இருக்கிறது. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தங்கை இசபெல்லா, டென்மார்க்-நார்வே மன்னர் இரண்டாம் கிறிஸ்டியனை மணக்க அந்த ஆண்டு கப்பலேறி வந்தாள். புயலில் பிழைத்த நன்றிக்கு அவள் கொடுத்தது என்பது ஊர்ப் பேச்சு. 14 வயதுப் பெண்ணின் வேண்டுதல் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கதையை நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

இப்போது மன்றக் 'கூத்து'க்கு வருவோம். அந்தப் பாறை நெடுங்காலம் ஊராருக்குச் சொந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டில் அரசர் அதைத் தனியாருக்கு விற்றார். இப்படிப்பட்ட மீன்பிடி ஊர்களில் உரிமையாளனிடம்தான் மீனை விற்கவேண்டும், விலையும் அவன் வைத்ததுதான், கடனும் அவன் பேரேட்டில்தான். அப்படிக் கிடந்த ஊர் 1897இல் தனி ஊராட்சியானது. தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுத்தது. ஜமீன் காலம் தெரிந்த ஊர்க்காரரான உங்களுக்கு இதில் என்ன சிரிப்பு வந்தது என்று எனக்குப் புரியவில்லை. 'சின்ன ஊருக்கு மன்றம் வீண்' என்பவர் உட்சிரா தீவையும் பார்க்கலாம். ஆறு சதுர கிலோமீட்டர், இருநூறு பேர் அளவில் ஜனம். இன்றும் தனி ஊராட்சிதான். 1925 தேர்தலில் அங்கே 12 இடங்களில் 11ஐப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். மருத்துவச்சி ஓசா ஹெல்கசன் நார்வேயின் முதல் பெண் ஊராட்சித் தலைவரானார். பெரிய நகரங்களுக்கு அந்த யோசனை முதலில் வரவில்லை.

சேர்த்ததால் காலியாயிற்று என்கிறீர்கள். போருக்குப் பிறகு, ஊராட்சிகளைச் சேர்ப்பது பற்றி ஆராய 1946இல் அரசு அமைத்த ஷேய் குழு, 744 ஊராட்சிகளை 454 ஆக்கும் அளவுக்கு நாடு முழுக்க இணைப்பை நடத்திவைத்தது. கிரிப் போன அதே 1964 ஜனவரி 1ஆம் தேதி, பக்கத்துக் கரையில் பிரெம்ஸ்னெஸ், குவர்னெஸ், கோர்ன்ஸ்டாட் மூன்றும் மறைந்து ஆவெரோய் ஆயின. அங்கே இன்றும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். அதே சட்டம், அதே தேதி. ஒரு கையெழுத்து ஒரு ஊரை மட்டும் காலி செய்யுமா?

கிரிப்பைக் காலி செய்தது மோட்டார். இயந்திரப் படகு வந்தபின் நகரத்தில் தூங்கி எழுந்தே மீன் இருக்கும் இடத்துக்குப் போய் வர முடிந்தது. பெரிய படகுகளுக்குப் பாதுகாப்பான துறைமுகம் தீவில் இல்லை. கடலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் கிரிப்பின் ஒரே சொத்து. அதற்கு விலை இறங்கியதும் மழைநீரைக் குடித்துக்கொண்டு பாறையில் கிடக்க யாருக்கும் காரணம் மிஞ்சவில்லை. மன்றம் இருந்திருந்தாலும் போயிருப்பார்கள். 1970களில் ஆண்டு முழுக்க இருக்க அங்கே ஆளில்லை. 1888இல் எழுந்த கலங்கரை விளக்கம் வேறொரு பாறையில் நிற்கிறது. 1977இல் அதுவும் தானியங்கியானது.

வீடுகளைப் பழைய சொந்தக்காரர்களின் வாரிசுகள் இடியவிடவில்லை. கோடையில் வந்து தங்கிச் சுண்ணாம்பும் வர்ணமும் பூசுகிறார்கள். தேவாலயத்தில் கல்யாணம்கூட நடக்கிறது. கிறிஸ்டியன்சுண்டிலிருந்து கோடைப் படகு உண்டு. போவதானால் தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.