300 எம்பிபிஎஸ் இன்டர்நெட் வேண்டாம், ஒரு லேன் வயர் வாங்குங்கள்

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். 90,000 ரூபாய்க்கு கேமிங் கம்ப்யூட்டர் கேட்டான். இப்போது, ‘பழைய லேப்டாப்பே போதும், கிளவுட் கேமிங்கில் ஆடிக்கொள்கிறேன்’ என்கிறான். வீட்டில் 100 எம்பிபிஎஸ் (Mbps) வேகத்தில் ஃபைபர் இன்டர்நெட் இருக்கிறது. 300-க்கு மாறினால்தான் ஓடும் என்கிறார் கேபிள்காரர். மாறலாமா? – வாசகி, திருப்பூர்.

பதில்: மாறாதீர்கள் அம்மா. கிளவுட் கேமிங்கில் விளையாட்டு ஓடுவது கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டரில். உங்கள் லேப்டாப்புக்கு வருவது படம் மட்டும்தான். என்விடியா நிறுவனத்தின் கிளவுட் கேமிங் சேவையான ஜீஃபோர்ஸ் நவ், 1080பி (ஃபுல் ஹெச்டி) தரத்தில் விநாடிக்கு 60 படம் அனுப்பக் கேட்பதே 25 எம்பிபிஎஸ்தான். உங்களிடம் அதுபோல் நான்கு மடங்கு இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். சினிமா ஓடும்போது அடுத்து வரும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவே லைன் ஒரு நொடி இழுத்தாலும் தெரியாது. விளையாட்டில் அது நடக்காது. பையன் பட்டனை அழுத்திய பிறகுதான் அடுத்த படமே தயாராகும். பட்டன் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தைத்தான் ‘பிங்’ என்கிறார்கள். 40 மில்லி விநாடிக்குள் இருந்தால் சுகம். 80-ஐத் தாண்டினால் எதிரி சுட்ட பிறகுதான் உங்கள் பையன் குனிவான்.

இந்த எண்ணை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? போடமாட்டார்கள். வேகம் 2 எம்பிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்று 2023-இல் அறிவித்த நாடு இது! ஏஜென்ட் போனில் காட்டும் ஸ்பீடு டெஸ்ட்டையும் நம்பவேண்டாம். பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரோடு பேசி அழகான எண்ணைக் காட்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு ‘கேமிங் ரூட்டர்’ என்று ஒன்றைத் தலையில் கட்டுவார்கள். கொம்பு மாதிரி ஆறு ஆன்டெனா இருக்கும், அவ்வளவுதான்.

ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு லேன் வயர் இழுங்கள். சில நூறு ரூபாய்தான். பல வீடுகளில் குற்றவாளி வைஃபைதான்.

ஒரு விதிவிலக்கு. மாடியில் பெட்டி வைத்துத் தரும் 5ஜி இணைப்பாக இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். பகலில் 200 எம்பிபிஎஸ் காட்டும், பிங்கும் 30-தான் இருக்கும். இரவு எட்டு மணிக்குத் தெருவே அதே டவரில் தொங்கும்போது பிங் 30, 140, 55 என்று குதிக்கும். சராசரி நன்றாகத்தான் இருக்கும், ஆட்டம் இருக்காது. போன் ஹாட்ஸ்பாட்டும் அப்படியே. தினம் 2 ஜிபி பிளானில் பத்து நிமிடத்தில் டேட்டா தீர்ந்துவிடும்.

முதலில் கிளவுட் கேமிங்குக்கு ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். இரவு எட்டிலிருந்து பத்துக்குள், லேன் வயரில், நான்கு நாள் ஆடிப் பார்க்கட்டும். அப்போதும் திக்கினால் பிங் எண்ணைப் படம் எடுத்து கேபிள்காரரிடம் காட்டி, வாசல் கம்பத்து ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளானைப் பற்றி அவர் பேச்செடுத்தால் காதில் வாங்காதீர்கள்.