மருந்தடிக்காத மலைப்பூண்டு: ‘ஆர்கானிக்’ என்று ஒட்டலாமா?

கேள்வி: பூம்பாறையில் ஒன்றரை ஏக்கரில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். நான்கு ஆண்டுகளாக ரசாயன உரம், பூச்சிமருந்து எதுவும் கிடையாது. கொடைக்கானல் கடைக்காரர் ஒருவர், பாக்கெட்டில் ‘ஆர்கானிக்’ என்று ஒட்டிக் கொடுத்தால் கூடுதல் விலை தருவதாகச் சொல்கிறார். ஒட்டலாமா? கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே, அது போதாதா?

பதில்: கடைக்கு அப்படி ஒட்டிக் கொடுக்காதீர்கள். அதே பூண்டைச் சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு நீங்களே விற்றால் ‘ஆர்கானிக்’ என்று சொல்லித் தாராளமாக விற்கலாம். இயற்கை உணவுக்கான ஒழுங்குமுறை 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விவசாயி, வாங்கிச் சாப்பிடுபவரிடமே நேரடியாக விற்றால் சான்றிதழ் தேவையில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விலக்கு அளித்திருக்கிறது. நடுவில் ஒரு கடை வந்துவிட்டால் அந்த விலக்கு பொருந்தாது. சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ‘ஜெய்விக் பாரத்’ முத்திரையோ, சான்று இல்லாமல் எங்குமே போடக்கூடாதது.

2019இல் கிடைத்த புவிசார் குறியீடு, பூண்டு எந்த மலையில் விளைந்தது என்பதற்குத்தான் சாட்சி. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்து விளைந்த பூண்டுக்கும் அது உண்டு!

சான்று பெற இரண்டு வழிகள். ஒன்று, பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. செலவு மிகக் குறைவு. உள்நாட்டு விற்பனைக்குச் செல்லும். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் மட்டும் என்.பி.ஓ.பி. எனப்படும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் சான்று, அதற்குத் தமிழக அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். உங்களுக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து.

எந்த வழியில் போனாலும், சோதனைக்கு வருபவர் பூண்டைவிட உங்கள் நோட்டுப் புத்தகத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார். நான்கு ஆண்டுகளாக மருந்தடிக்கவில்லை என்பதை எழுத்தில் காட்ட முடியாவிட்டால், மாறுதல் காலம், அதாவது முழுச் சான்று கிடைக்கும் முன் இயற்கை முறையில் நடத்திக் காட்ட வேண்டிய காலம், பதிவு செய்த நாளிலிருந்துதான் தொடங்கும். பூண்டு, கேரட் போன்ற ஓராண்டுப் பயிர்களுக்கு அது இரண்டு ஆண்டு. ஆகவே இன்றே எழுதத் தொடங்குங்கள்: விதைத்த தேதி, எரு வந்த இடம், விதை வாங்கிய ரசீது, யாருக்கு எத்தனை கிலோ விற்றீர்கள் என்பது வரை.

மலையில் பலர் சறுக்குவது சின்ன விஷயங்களில்தான். கடையில் வாங்கும் கேரட் விதை பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி பூசி, நிறமேற்றி வருகிறது. பூசாத விதையைக் கேட்டு வாங்க வேண்டும். விதைப்பூண்டை நடுமுன் மருந்துக் கரைசலில் முக்கும் வழக்கமும் கூடாது. சமவெளியிலிருந்து லாரியில் ஏறிவரும் கோழி எரு இயற்கையானதுதானே என்று நினைப்பார்கள்; பெரிய பண்ணைகளின் எருவை என்.பி.ஓ.பி. விதிகள் அனுமதிப்பதில்லை. படிக்கட்டு நிலம் என்பதால் இன்னொரு தலைவலி: மேல் தட்டுக்காரர் மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால் அது உங்கள் பாத்திக்குத்தான் இறங்கும். வரப்பை ஒட்டித் தண்ணீரைத் திருப்பும் வாய்க்கால் வெட்டுங்கள், ஓரத்தில் உயிர்வேலி வையுங்கள். மற்ற உணவுக்கு அனுமதிக்கப்பட்ட பூச்சிக்கொல்லி எச்சத்தில் 5 சதவீதம் அல்லது ஆய்வகத்தில் அளவிடக்கூடிய குறைந்தபட்ச அளவு, இவற்றில் எது அதிகமோ அதுதான் இயற்கை விளைபொருளுக்கு வரம்பு. அடுத்தவர் அடித்த மருந்து என்று சொல்லி ஆய்வகத்தில் தப்ப முடியாது.

சான்று வரும்வரை கடைக்குப் போகும் பூண்டு அந்தச் சொல் இல்லாமலே போகட்டும். கூடுதல் விலை தருவதாகச் சொன்ன கடைக்காரரிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள். பிடிபட்டால் அவருக்கும் சேர்த்துத்தான் சிக்கல்.