அப்பப்பாவின் ஏ40

வணக்கம் அண்ணா,

நான் ரொறொன்ரோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கார் இருபது வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது. 1948இல் வந்த கார் என்கிறார் அத்தை. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. இந்தக் கோடையில் போய் அதை அசல் நிலைக்குக் கொண்டுவரப் போகிறேன். எந்த ஆண்டு செய்தது, முதலில் என்ன நிறம், அப்பப்பாவுக்கு முன் யார் வைத்திருந்தார்கள் என்பதையெல்லாம் எங்கே அறியலாம்? என்ன விலை போகும்? யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஓடி எஞ்சினைப் பாழாக்கிவிட்டார்கள். கால் வைக்கும் இடத்துக்கு முன்னாலுள்ள தகட்டில் யாரோ ஓட்டை வேறு போட்டிருக்கிறார்கள். அதை வெல்டிங் செய்து மூடச் சொல்லியிருக்கிறேன். படம் இணைத்துள்ளேன்.

க.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் படத்தில் நிற்பது ஏ40 சொமசெற். பேர்மிங்ஹாமின் லோங்பிரிஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்தது. அத்தை சொல்லும் 1948இல் வந்திருந்தால் அது முந்திய ஏ40 மாதிரியான டெவனாக இருந்திருக்கும். ஆங்கில எழுத்துத் தகடு இருப்பதால் 1958க்கு முன்னரே பதிவான கார் என்று கொள்ளலாம். அந்தக் காலத்தில்தான் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது, தமிழரசுக் கட்சி அதற்கு எதிராகப் போராடியது, 1958 மே மாதம் இனக்கலவரம் வந்தது. அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதுவிக்காதீர்கள்.

இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. சேசிஸ் இலக்கத்தை எழுதிப் பணம் கட்டினால், அந்தக் காரின் பதிவேடு எஞ்சியிருக்குமானால், செய்த திகதி, நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்று சான்றிதழ் தருவார்கள். முன்னைய சொந்தக்காரரைக் கொழும்பில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். விலை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

இனி அந்த ஓட்டை. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

‘யாரோ’ போட்ட ஓட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். யார் என்று அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? 1990இல் யுத்தம் திரும்பவும் தொடங்கி வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் நின்றுபோனது. மண்ணெண்ணெய்கூட அளந்துதான் கிடைத்தது. ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் பழைய எஞ்சின்கள் அமுக்கம் குறைந்தவை. அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கின. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஸ்ராட் வராது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை உள்ளே தொங்கவிட்டு, தகட்டில் துளை போட்டு, சேலைன் குழாயைக் காபரேற்றர் வரைக்கும் இழுத்தார்கள். பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிற்பாட்ட முதல் மறுபடி பெற்றோல். இல்லாவிட்டால் அடுத்த முறை கிளம்பாது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதைத் தண்ணீராக்கியது உண்மை. எஞ்சின் தேய்ந்ததும் உண்மை. பாழாக்கினார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போனார்கள்.

எங்கள் பெரியப்பா கொக்குவிலில் ஏ40 வைத்து ஹயர் ஓடினார். 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்துக்குத் தப்பி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் காரில் பின்சீற்றில் அப்பம்மா படுத்திருந்தார். முன்சீற்றில் போத்தலைப் பிடித்துக்கொண்டு நான். எனக்குப் பன்னிரண்டு வயது. செம்மணியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனம் ஒரு அடி வைக்க, கார் ஒரு அடி. அப்படி மெதுவாக ஓடினால் மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். மூன்று தரம் நின்றுவிட்டது. மழைக்குள் பெரியப்பா பிளக்கைக் கழற்றிச் சாரத்து நுனியால் துடைத்துப் பூட்டுவார். “பிள்ளை, குழாயைக் கிள்ளிப் பிடி, ஒரு சொட்டும் சிந்தவிடாதை” என்பார். எங்கள் துளை பெரிதாகிவிட்டிருந்தது. அதன் வழியே புகை வராமல் சுற்றிவர சவர்க்காரக் கட்டியைப் பிசைந்து அடைத்திருந்தார். சண்லைற் மணமும் மண்ணெண்ணெய் மணமும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் என் இரண்டு விரல்களும் தாமாகக் கிள்ளிக்கொள்ளும்.

அந்தக் காரைச் சாவகச்சேரியில் ஒரு வளவில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது வளவு இருந்தது, கார் இல்லை. உங்களிடம் இருக்கிறது, தம்பி. அதை லோங்பிரிஜிலிருந்து இறங்கிய நாளைப் போல ஆக்க வேண்டும் என்கிறீர்கள். அந்த நாள் உங்கள் அப்பப்பாவுக்கு என்ன? அவர் அதில் ஏறுவதற்கு முந்திய நாள் அது. நிறத்தை எப்படியும் அடியுங்கள், இருக்கை உறையை மாற்றுங்கள், எஞ்சினைப் பிரித்துப் பழுது பாருங்கள். ஓட்டையுள்ள தகட்டில் மட்டும் கை வைக்கவேண்டாம். வெல்டிங்காரருக்கு இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

கேய்டனுக்கு எழுதுவது ஆறுதலாக நடக்கட்டும், அங்கே இருக்கும் கடதாசி எங்கும் போகாது. அந்தக் காலத்தில் கோண்டாவிலில் அந்தக் காரைத் திருத்திய கராஜ்காரர் யார் என்று அத்தையிடம் கேளுங்கள். ஆள் இருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கோணத்தில் துளைத்தார், எந்தக் குழாய், பெற்றோலை எவரிடம் வாங்கினார், அந்தக் காரில் யார் யாரை ஏற்றி இறக்கினார்கள் என்று அவர் சொல்வார். கைபேசியில் பதிவு செய்யுங்கள்.

எனக்கும் ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த இடம் இருட்டாக இருக்கிறது. ரோச் அடித்து, ஓட்டையைக் கிட்ட இருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விளிம்பில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.