29-வது வாரத்தில் விமானம் ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. இது எங்கள் முதல் குழந்தை. இப்போது 16 வாரம். பல வருடங்களாக முயன்றும் கிடைக்காத வெளிநாட்டு வேலை, கர்ப்பம் உறுதியான பிறகு கைக்கு வந்திருக்கிறது. மூன்று மாதத்தில் வந்து சேரச் சொல்கிறார்கள். நான் கர்ப்பமாக இருப்பதை அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. என் கணவர், "உன் விருப்பம் எதுவோ அதுதான்" என்கிறார். அம்மா இந்த நிலையில் பயணமே கூடாது என்கிறார். மாமியாரோ, "பெற்றுக் கொடுத்துவிட்டுப் போ, குழந்தையை நான் வளர்க்கிறேன்" என்கிறார். அங்கேயே பிரசவம் ஆனால் குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வருமா என்ற நினைப்பில் இரவெல்லாம் தூக்கமில்லை. போகலாமா, வேண்டாமா? நிறுவனத்திடம் எப்படிச் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, நாட்டின் பெயர் மட்டும் இல்லை. சின்ன விவரம் என்று விட்டிருப்பீர்கள். பதிலில் பாதி அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். நாடு எதுவானாலும் மாறாத ஒரு கணக்கை முதலில் போட்டுவிடுவோம்.

இப்போது 16 வாரம். மூன்று மாதம் என்றால் 13 வாரம். நிறுவனம் குறித்திருக்கும் நாளில் உங்களுக்கு 29 வாரம் ஆகியிருக்கும். பிரசவ தேதிக்கு 11 வாரம்தான் மிச்சம். 37 வாரம் நிறைந்தவுடனே வலி எடுக்கும் பெண்களும் உண்டு என்பதால் அந்த 11-ஐயும் முழுதாக நம்ப முடியாது. போகலாமா என்றால், போகலாம். அவர்கள் சொன்ன தேதியில் மட்டும் வேண்டாம். அதற்கு முன்பே போவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு போவதிலும் இருக்கிறது. 29-வது வாரத்தில் இரண்டின் சிரமமும் சேர்ந்து வருகிறது.

விமானத்தில் ஏற்றிக்கொள்வார்கள், அதில் சிக்கல் இல்லை. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவரின் கடிதம் கேட்கும். சிக்கல் இல்லாத ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் வரை, இரட்டைக் குழந்தை என்றால் 32 வாரம் வரை அனுமதிக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் என்பதால் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மருத்துவர் சொன்னால் அதற்கான இறுக்கமான காலுறை அணிய வேண்டும். ஆக, பயணமே கூடாது என்கிற உங்கள் அம்மாவின் பேச்சுக்கு மருத்துவத்தில் ஆதாரம் குறைவு. ஆனால் அம்மாவின் பயம் விமானத்தைப் பற்றியதாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இறங்கிய பிறகு என்ன நடக்கும் என்று பாருங்கள். வாடகைக்கு வீடு கேட்டால் வங்கிக் கணக்கும் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். வங்கிக்குப் போனால் வீட்டு முகவரிக்குச் சான்று கேட்பார்கள். முகவரி இல்லாமல் மருத்துவரிடம் பதிவு செய்வதும் பல இடங்களில் இழுபறிதான். இந்த வட்டத்தை எங்கேயாவது ஓரிடத்தில் உடைக்கவே சில வாரங்கள் போய்விடும். ஏழு மாத வயிற்றோடு, தற்காலிக அறை ஒன்றில் பெட்டியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, காலையில் புதிய அலுவலகத்தில் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு, மாலையில் வீடு பார்க்கப் போக வேண்டும். நடுவில் மருத்துவமனையில், "இதுவரை எடுத்த ஸ்கேன் அறிக்கைகள் எங்கே, ரத்த வகை என்ன, சர்க்கரைப் பரிசோதனை ஆயிற்றா?" என்று கேட்பார்கள். எல்லாம் ஓரளவு கூடிவரும்போது பிரசவ விடுப்பு ஆரம்பித்துவிடும். வேலையில் நீங்கள் யார் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது, ஊரில் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது.

சரி, சீக்கிரமே போவது? உடல் ஒத்துழைக்கும் காலம் இதுதான். 14 முதல் 27 வாரம் வரை பலருக்கு மசக்கை அடங்கி, வயிறும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனை இங்கேயே முடித்துக்கொண்டு, 24 முதல் 28 வாரத்துக்குள் வரும் சர்க்கரைப் பரிசோதனையை அங்கே செய்துகொள்ளலாம். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 28-வது வாரத்தையொட்டிப் போட வேண்டிய ஊசி ஒன்று இருக்கிறது. அதை மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஆனால் இந்த வழியை விசா அடைத்துவிடலாம். சில நாடுகள், குறிப்பிட்ட நாடுகளிலிருந்து நீண்ட காலம் தங்க வருகிறவர்களிடம் காசநோய் இல்லை என்பதற்கு மார்பு எக்ஸ்ரே கேட்கின்றன. கர்ப்பிணிகள் வயிற்றை மறைக்கும் கவசத்தோடு எடுத்துக்கொள்ளலாம், அல்லது பிரசவம் வரை தள்ளிப்போடலாம் – அப்படித் தள்ளினால் விசாவும் தள்ளிப்போகும். பிரிட்டன் போன்ற இடங்களில் அதற்குப் பதிலாகச் சளிப் பரிசோதனை உண்டு. அதன் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும். இன்றைக்கே கொடுத்தால்கூட முடிவு வரும்போது உங்களுக்கு 24 வாரம். அதற்கு மேல் விசா வர வேண்டும். இந்தச் சங்கதியை ஏஜென்ட் உங்களிடம் சொல்லியிருக்கிறாரா? பெரும்பாலும் கர்ப்பம் என்று தெரிந்த பிறகுதான் சொல்வார்கள்.

இனி நாட்டுக்கு வருவோம். விடுப்பு ஒன்று, விடுப்பில் சம்பளம் வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிரிட்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே 52 வார மகப்பேறு விடுப்புக்கு உரிமை உண்டு. ஆனால் சட்டப்படியான மகப்பேறு ஊதியம் வேண்டுமானால், பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முன்பே அந்த நிறுவனத்தில் 26 வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு அது நடக்காத காரியம். (வேறொரு உதவித்தொகை இருக்கிறது, அதற்கும் தனி நிபந்தனைகள்.) அமெரிக்காவின் மத்தியச் சட்டம் 12 வார விடுப்புதான் தருகிறது, அதுவும் சம்பளமில்லாமல், அதற்கும் ஒரே நிறுவனத்தில் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை பார்த்திருக்க வேண்டும். ஜெர்மனியில் கதையே வேறு: பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் பாதுகாப்புக் காலம், தகுதிகாண் காலத்தில் இருக்கிறவரையும் கர்ப்பிணி என்றால் சாதாரணமாக வேலையிலிருந்து நீக்க முடியாது. ஒரே பெண், ஒரே வயிறு. இறங்குகிற விமான நிலையத்தைப் பொறுத்து முதல் வருட வரவுசெலவே மாறிவிடுகிறது.

காப்பீட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். "மருத்துவக் காப்பீடு உண்டு" என்ற வரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். தனியாக வாங்கும் பல காப்பீடுகளில் பிரசவச் செலவுக்குப் பத்து மாதம், ஒரு வருடம் என்று காத்திருப்புக் காலம் இருக்கும். ஏற்கெனவே கர்ப்பமாகச் சேருகிறவருக்கு எந்தத் தேதியிலிருந்து பிரசவம் அடங்கும், குறைமாதத்தில் பிறந்து குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது – இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். பயணக் காப்பீடு பிரசவத்துக்கு உதவாது.

குடியுரிமை பற்றித் தோழிகள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். கனடாவில் பிறந்தால் அது பெரும்பாலும் சரி. பிரிட்டனில் 1983 முதலும், ஆஸ்திரேலியாவில் 1986 முதலும், பிறந்த மண் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவர் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ பெற்றிருக்க வேண்டும். உலகின் பெரும்பான்மை நாடுகளின் வழக்கமும் இதுதான். அங்கே பிறந்த குழந்தைக்கு உங்கள் நாட்டுத் தூதரகத்தில் பதிவு, பாஸ்போர்ட், பிறகு விசா என்று ஒரு சுற்று அலைச்சல்தான் முதல் பரிசாகக் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், நாடு ஜெர்மனி மாதிரி இருந்து, விசா சீக்கிரம் கிடைத்து, கணவரும் உங்களோடு ஒரே நாளில் வர முடியும் என்றால் 24 வாரத்துக்குள் போய்விடுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் குழந்தைக்கு ஐந்து, ஆறு மாதம் ஆன பிறகு போங்கள். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் இரண்டாவதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. அந்த வழியிலும் வேலை இருக்கிறது. பிறந்தவுடன் பிறப்புச் சான்றிதழ், அதை வைத்துப் பாஸ்போர்ட். வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்து, தலையைப் பிடிக்கும் கை படத்தில் விழாமல், அது கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு மத்தியானம் முழுக்க அதற்கே போகும். பிறகு அதன் விசா. அங்கே குழந்தைகள் காப்பகத்தில் இடத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், எனவே பிரசவத்துக்கு முன்பே பெயர் கொடுத்து வைப்பது நல்லது.

இப்போது உங்கள் கணவர். "உன் விருப்பம்" என்பதைப் பெருந்தன்மை என்று நீங்கள் எழுதியிருக்கவில்லை, அதைக் கவனித்தேன். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் முடிவு முழுக்க உங்கள் தலையில் விழுந்தால், நாளைக்கு எது கோணலானாலும் அதுவும் உங்கள் தலையில்தான் விழும். அவருக்கும் இது குழந்தை, அவருக்கும் இது ஊர் மாற்றம். உங்கள் விசாவில் துணையாக வருகிறவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா, இல்லையென்றால் எத்தனை மாதம் சம்பளமில்லாமல் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவர் தயார், அவருடைய இப்போதைய வேலையில் நீண்ட விடுப்பு கிடைக்குமா – இவற்றை அவரே விசாரித்து உங்களிடம் சொல்லட்டும். பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல், முக்கியமாக மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் அதை முதலில் கண்டுகொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு ஜோடிக் கை இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் கேட்பது அன்பினால்தான். "பிறக்கட்டும், பார்ப்போம்" என்று சொல்லி வையுங்கள். குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியுமா என்பது அதைக் கையில் வாங்காதவரை உங்களுக்கே தெரியாது. சிலரால் முடிகிறது, அவர்கள் மோசமான தாய்கள் இல்லை. 16-வது வாரத்தில் அதற்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நிறுவனம். பணி நியமனக் கடிதம் எழுத்தில் கைக்கு வந்துவிட்டதா? வராமல் இருந்தால் அதுவரை பொறுங்கள். வந்த பிறகு தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் அமெரிக்காவின் 1978 கர்ப்பப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை மறுப்பதைத் தடுக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வழக்காடுவது எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை. தேதியைத் தள்ளிவைக்க மறுப்பதை இந்தச் சட்டங்கள் தடுக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். எனவே உங்களுக்கு நிஜமாக உதவப்போவது இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கு விசாவால் தேதி தள்ளிப்போவது பழக்கமான விஷயம். உங்களைத் தேர்ந்தெடுக்க அவர்களும் நேரமும் பணமும் செலவழித்திருக்கிறார்கள். இன்னொருவரைத் தேடி, அவருக்கும் விசா எடுத்து உட்கார வைக்க எப்படியும் பல மாதம் ஆகும். மறுத்துவிடவே மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. கேட்காமல் நீங்களே மறுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

தொலைபேசியில் வேண்டாம், மின்னஞ்சலில் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். இவ்வளவு போதும்: "இந்த வேலையில் சேர நான் உறுதியாக இருக்கிறேன். எனக்கு இன்ன மாதம் பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. இன்ன தேதியிலிருந்து முழு நேரமாகப் பணியாற்ற முடியும். சேரும் நாளை அந்தத் தேதிக்கு மாற்றித்தர இயலுமா? இயலாவிட்டால், மகப்பேறு விடுப்பு, அதற்கான ஊதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவை எனக்கு எந்த நாளிலிருந்து பொருந்தும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்." இரண்டாவது பாதிக்கு அவர்கள் தரும் பதிலிலேயே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

பதில் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். அதற்குள் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இதுவரையிலான அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். விசா அலுவலகத்துக்கு எக்ஸ்ரே பற்றி எழுதும் வேலையைக் கணவரிடம் கொடுங்கள்.